கன சென்டிமீட்டருக்கு 336 இருந்தும் ஒன்றுகூடச் சிக்காதது ஏன்?

சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பெருவெடிப்பு நடந்து ஒரு நொடி ஆனபோது கிளம்பிய நியூட்ரினோக்கள் இன்றும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 336 இருப்பதாகப் படித்தேன். அவ்வளவு இருந்தும் ஏன் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை? தேனியில் திட்டமிட்ட மாதிரி நம் சேர்வராயன் மலையைக் குடைந்து ஆய்வகம் வைத்தால் சிக்குமா? ப்ராஜெக்டுக்கு இதில் ஏதாவது தேறுமா?"

மலையைக் குடைந்தால் சிக்காது தம்பி. ப்ராஜெக்டுக்குத் தேறும். இரண்டுக்கும் காரணம் கீழே வருகிறது, கொஞ்சம் நீளமாகவே.

நீங்கள் படித்த எண்ணிக்கை சரிதான். நியூட்ரினோ என்பது மின்னூட்டமே இல்லாத, மிக மிக லேசான ஓர் அடிப்படைத் துகள். எலக்ட்ரான், மியூவான், டவ் என்று மூன்று வகை. ஒவ்வொரு வகையிலும் நியூட்ரினோ 56, எதிர்நியூட்ரினோ 56, ஆக மொத்தம் 336. ஓர் ஆளின் உடம்பை 70 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் உடம்புக்குள் ஏறத்தாழ 2 கோடியே 35 லட்சம் தொல்நியூட்ரினோக்கள், அதாவது பெருவெடிப்பின்போது கிளம்பியவை, இருக்கின்றன. அவை தங்குவதில்லை, போய்க்கொண்டே இருக்கின்றன, போன இடத்துக்கு வேறு வருகின்றன. சூரியனிலிருந்து வருவதோடு ஒப்பிட்டாலும் இவை குறைச்சல் இல்லை. சூரிய நியூட்ரினோக்கள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு 6500 கோடி வீதம் கடக்கின்றன. தொல்நியூட்ரினோவில் கனமான ஒரு வகையை மட்டும் எடுத்து, அதன் நிறை 0.05 எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் சின்ன அலகு, நிறையையும் இதிலேயே சொல்வார்கள்) என்று வைத்துக் கணக்குப் போட்டாலே நொடிக்கு 3600 கோடி வருகிறது. லேசான வகை ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் ஓடினால் அதைப்போல நூறு மடங்குக்குக் கிட்ட. சூரிய நியூட்ரினோவை 1960-களின் கடைசியிலிருந்தே பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே "ஆள் குறைவு, அதனால் சிக்கவில்லை" என்ற விளக்கம் இங்கே எடுபடாது.

"நியூட்ரினோ எதோடும் ஒட்டாது, பூமியையே துளைத்துக்கொண்டு போகும்" என்ற வழக்கமான பதிலும் பாதிதான் உண்மை. ஒட்டாமைதான் காரணம் என்றால் சூரியனின் நியூட்ரினோவும் சிக்கியிருக்கக் கூடாது, 1956-இல் ரைன்ஸும் கோவனும் அணு உலைக்குப் பக்கத்தில் தொட்டி வைத்துப் பிடித்ததும் நடந்திருக்கக் கூடாது. அதற்கெல்லாம் மேலே ஒரு காரணம் இருக்கிறது. இவை குளிர்ந்துபோனவை. நம்ப முடியாத அளவுக்குக் குளிர்ந்துபோனவை.

அண்டத்துக்கு ஒரு நொடி வயதானபோது வெப்பநிலை ஏறத்தாழ 1000 கோடி கெல்வின். அதுவரை நியூட்ரினோக்கள் எலக்ட்ரானோடும், அதன் எதிர்த்துகளான பாசிட்ரானோடும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அண்டம் விரிய விரிய அடர்த்தி குறைந்து, ஒரு கட்டத்தில் முட்டுவதற்கு ஆளே கிடைக்காமல் விட்டு விலகிவிட்டன. அப்போது ஒவ்வொன்றின் ஆற்றலும் பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட் என்ற அளவில் இருந்தது. அந்த நியூட்ரினோவை இன்று கையில் தந்தால் நாளைக்கே பிடித்துக் காட்டலாம். ஆனால் அதற்குப் பிறகு அண்டம் நீளவாக்கில் ஏறத்தாழ 600 கோடி மடங்கு விரிந்துவிட்டது, அதே மடங்கு அவற்றின் உந்தமும் தேய்ந்துவிட்டது. இன்றைய வெப்பநிலை 1.95 கெல்வின். பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு 2.725 கெல்வினில் நிற்கிறது. நியூட்ரினோக்கள் விலகிப்போன பிறகு எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, அந்தச் சூட்டையெல்லாம் ஒளிக்கே கொடுத்துவிட்டன. அதனால்தான் நியூட்ரினோ பக்கம் அந்தக் கொஞ்சம் குறைவு.

0.05 எலக்ட்ரான்வோல்ட் நிறையுள்ள தொல்நியூட்ரினோவின் வேகம் இன்று நொடிக்கு 3000 கிலோமீட்டர் சுமார், அதாவது ஒளிவேகத்தில் நூற்றில் ஒரு பங்கு. இயக்க ஆற்றல் ஓர் எலக்ட்ரான்வோல்ட்டில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. சித்திரை மாதத்தில் நம் ஊர்க் காற்றில் ஒரு மூலக்கூறு சும்மா அலைவதற்கு 0.04 எலக்ட்ரான்வோல்ட் வைத்திருக்கிறது. தொல்நியூட்ரினோவிடம் இருப்பது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஏற்காட்டில் மார்கழி ராத்திரியில் அளந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இந்த இடத்தில் ஒரு நல்ல கேள்வி வரும், வந்தாக வேண்டும். நுண்ணலைப் பின்னணியின் ஒளித்துகளும் அதே மாதிரி ஆறிப்போனதுதானே? கன சென்டிமீட்டருக்கு 411, ஆற்றலும் கிட்டத்தட்ட அதே அளவு. அதை 1965-இல் பென்சியாஸும் வில்சனும் வேறு எதற்கோ வைத்திருந்த ஆன்டெனாவில், தேடாமலேயே கண்டுபிடித்தார்களே? வித்தியாசம் என்னவென்றால், ஒளி மின்காந்த விசையில் வேலை செய்கிறது. ஆற்றல் எவ்வளவு சிறியதானாலும் உலோகத்தில் உள்ள எலக்ட்ரானை ஆட்டிவிடும், அந்த ஆட்டத்தை மின்னோட்டமாகப் பெருக்கிக்கொள்ளலாம். நியூட்ரினோவுக்கு ஆட்டிவைக்க ஒன்றும் இல்லை. அதற்குத் தெரிந்தது மெல்விசை, அதாவது அணுக்கருவின் பீட்டா சிதைவை நடத்தும் விசை, மட்டும்தான். அந்த விசையிலோ வினை நடக்கும் வாய்ப்பு ஆற்றலின் இருமடிக்கேற்ப இறங்கிக்கொண்டே போகும். ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கானால் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து இங்கே வரை இறங்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று பாருங்கள்.

அதைவிடப் பெரிய தடை இன்னொன்று. நாம் இதுவரை கட்டிய கருவிகளுக்கு நுழைவாற்றல் என்று ஒன்று உண்டு, வினை நடக்க நியூட்ரினோ கொண்டுவர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல். ரைன்ஸும் கோவனும் பயன்படுத்திய வினைக்கு 18 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். ரேமண்ட் டேவிஸ் சூரிய நியூட்ரினோவுக்காக அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் வைத்த குளோரின் தொட்டிக்கு 8 லட்சத்துச் சொச்சம். அப்புறம் வந்த காலியம் சோதனைகள் 2 லட்சத்து 33 ஆயிரம் வரைக்கும் இறங்கின. அதற்குக் கீழே உள்ள நியூட்ரினோ வந்தால் வினை அரிதாக நடக்கும் என்பது கூட இல்லை, நடக்கவே நடக்காது. ஆகவே தொட்டியைப் பெரிதாக்கினால் என்றாவது ஒன்று விழும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. கடல் அளவுக்குத் தொட்டி கட்டினாலும் பூஜ்ஜியம்தான்.

இப்போது மலைக்கு வருகிறேன். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் போடி மேற்கு மலையைக் குடைந்து அமைக்க நினைத்த நியூட்ரினோ ஆய்வகம், 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அடுக்கடுக்காக வைத்து, காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோக்களைப் பார்ப்பதற்கானது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, பிறகு எதிர்ப்பு, வழக்கு என்று போய் நின்றுவிட்டது. அதன் சரி தவறுக்குள் நான் போகவில்லை. அங்கே எதிர்பார்த்த நியூட்ரினோக்களின் ஆற்றல் நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட்டும் அதற்கு மேலும். அது கட்டி முடிந்திருந்தாலும் தொல்நியூட்ரினோ விஷயத்தில் ஒரு தகவலும் தந்திருக்காது. அதற்கு முன்னால், 1965-இலேயே, கோலார் தங்கச் சுரங்கத்தில் தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், நம் ஊர் ஆட்கள் எத்தனையோ பேர் இறங்கி வேலை செய்த அதே சுரங்கத்தில், வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்துவிட்டார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் மூன்றும் சேர்ந்து செய்த சோதனை. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் குழுவும் பதிவு செய்தது. உலகத்திலேயே முதல் முறை. இதைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

சேர்வராயன் மலையும் போடி மலையைப் போலவே சார்னோகைட் பாறைதான், நல்ல கெட்டி. சேலம் சமவெளியிலிருந்து பார்த்தால் உச்சி ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம். காஸ்மிக் கதிர்களால் உண்டாகி மேலிருந்து விழும் மியூவான் துகள்களைத் தடுக்க அந்தக் கல் உதவும். பாக்சைட்டுக்காகத் தோண்டித் தோண்டி அந்த மலை ஏற்கெனவே பட்டதும் போதும் என்பது என் சொந்த எண்ணம், அது கிடக்கட்டும். தொல்நியூட்ரினோவைத் தேடுகிறவருக்கு முதல் எதிரி மேலிருந்து விழும் மியூவான் கிடையாது. அவர் கருவிக்கு உள்ளேயே எதிரியை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். எந்த மலையும் அதைத் தடுக்காது. எப்படி என்றால்:

நுழைவாற்றலே இல்லாத வினை ஒன்று வேண்டும். ஏற்கெனவே சிதையக் காத்திருக்கும் அணுக்கருவாக இருந்தால், நியூட்ரினோ வெறும் கையோடு வந்து தொட்டால் கூடப் போதும், அது சிதைந்துவிடும், ஆற்றலை அணுக்கருவே கொடுத்துக்கொள்ளும். ஸ்டீவன் வெயின்பெர்க் 1962-லேயே இந்தத் திசையில் எழுதிவிட்டார். அப்போது நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதே தெரியாது, அவர் நினைத்த நிலைமையும் வேறு. நிறையையும் சேர்த்து இதை நடைமுறைக் கணக்காகப் போட்டவர்கள் கொக்கோ, மங்கானோ, மெஸ்ஸீனா என்ற மூன்று பேர், 2007-இல். அவர்கள் காட்டியபடி இதற்கு நல்ல பொருள்களில் ஒன்று டிரிட்டியம், அதாவது ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப். அரை ஆயுள் 12.3 ஆண்டு, சிதைவில் வெளிவரும் ஆற்றலும் சிறியது, 18,600 எலக்ட்ரான்வோல்ட் சுமார். கல்பாக்கத்தில் ஓடுவது மாதிரியான கனநீர் உலைகளில் துணைவிளைவாக உண்டாகிற பொருள்தான்.

100 கிராம் டிரிட்டியம் வைத்தால் ஓராண்டில் எத்தனை தொல்நியூட்ரினோ சிக்கும்? நீங்களே போட்டுப் பாருங்கள், ஒரு பக்கத்தில் முடிகிற கணக்கு. அணுக்களின் எண்ணிக்கை 2 × 10²⁵. ஓர் அணுவின் பிடிப்புப் பரப்பு (நியூட்ரினோவைப் பிடிக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்வது) 3.8 × 10⁻⁴⁵ சதுர சென்டிமீட்டர் (வேகத்தோடு பெருக்கும்போது ஒளிவேகத்தையே போட்டுக்கொள்ளுங்கள், இந்தப் பரப்பு அப்படித்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது). நியூட்ரினோ அடர்த்தி 56. பெருக்கினால் ஆண்டுக்கு நான்கு. நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒன்றேதான் என்ற மயோரானா வகையாக இருந்தால் எட்டு. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வெறுமனே எண்ணினாலே, நான்கா எட்டா என்பதில், நியூட்ரினோவின் இயல்பைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்றுக்குப் பதில் இருக்கிறது.

ஆண்டுக்கு நான்கு என்பது கேட்க மோசமில்லை. நியூட்ரினோ சோதனைகளில் இதைவிடக் குறைவுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. ஆக, பிடிப்பது முடியாத காரியம் இல்லை. பிடித்ததை அடையாளம் காண்பதுதான் முடியவில்லை. அந்த 100 கிராம் டிரிட்டியம் நியூட்ரினோ வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது, தன்பாட்டுக்குச் சிதைந்துகொண்டே இருக்கும். நொடிக்கு 3.6 × 10¹⁶ சிதைவுகள். ஆண்டுக்கு 10²⁴-ஐத் தாண்டும். கியூரி என்ற கதிரியக்க அலகில் சொன்னால் பத்து லட்சத்துக்குக் கிட்ட. ஒவ்வொரு சிதைவிலும் ஓர் எலக்ட்ரான் வெளியே வரும். தொல்நியூட்ரினோ தொட்டுச் சிதைந்தாலும் அதே மாதிரி ஓர் எலக்ட்ரான்தான் வரும். 10²⁴ எலக்ட்ரான்களுக்குள் நம்முடைய நான்கு.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். சாதாரணச் சிதைவில் எலக்ட்ரானோடு ஓர் எதிர்நியூட்ரினோவும் கிளம்பும், இரண்டும் ஆற்றலைப் பங்கு போட்டுக்கொள்ளும். எதிர்நியூட்ரினோ அசையாமலே பிறந்தால் கூடத் தன் நிறைக்கு உரியதை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்கும். அதனால் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் உச்சம், மொத்த ஆற்றலில் ஒரு நியூட்ரினோ நிறை குறைவு. தொல்நியூட்ரினோ உள்ளே வந்து விழுந்தால் நிலைமை தலைகீழ், அது தன் நிறையையும் கொண்டுவந்து கொட்டுகிறது, பங்குக்கு யாரும் இல்லை. எலக்ட்ரான் மொத்த ஆற்றலைவிட ஒரு நியூட்ரினோ நிறை கூடுதலோடு வெளியேறும். இரண்டுக்கும் இடையே இரண்டு நியூட்ரினோ நிறை அளவுக்கு இடைவெளி. நிறை 0.05 என்றால் இடைவெளி 0.1 எலக்ட்ரான்வோல்ட். 18,600-இல் 0.1. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய 18 டன் 600 கிலோ லாரி ஒன்று எடைமேடையில் நிற்கிறது, அதில் 100 கிராம் கூடுதலாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதுவும் 10²⁴ லாரிகளில் எந்த நான்கில் அந்த 100 கிராம் என்று.

எல்லாச் சிதைவும் உச்சத்துக்குப் பக்கத்தில் விழுவதில்லை, அது ஒரு நல்ல செய்தி. கடைசி ஓர் எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் விழுவது 2 × 10⁻¹³ பங்கு மட்டும். அப்படியும் 100 கிராமில் அது நொடிக்கு ஏழாயிரம் ஆகிறது. இந்தப் பங்கு அகலத்தின் மும்மடிக்கேற்பக் குறையும், ஆகவே கடைசி 0.1-க்குள் நொடிக்கு ஏழு, ஆண்டுக்கு 20 கோடிக்கு மேல். கருவியின் பிரிதிறன், அதாவது அருகருகே உள்ள இரண்டு ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன், கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் இந்த 20 கோடி அந்தப் பக்கம் வழிந்து நான்கை மூடிவிடும். நிறையில் ஏறத்தாழ 0.7 பங்குக்குள் பிரிதிறன் இருந்தால்தான் தப்பிக்கலாம் என்று கணக்குகள் சொல்கின்றன. 0.05 நிறைக்கு அது 0.035 எலக்ட்ரான்வோல்ட்.

இன்று நம்மிடம் இருப்பதில் சிறந்த டிரிட்டியம் கருவி ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவில் உள்ள கேட்ரின். எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் அதன் பெரிய நிறமாலைமானி 10 மீட்டர் விட்டம், 200 டன். செய்த இடத்துக்கும் ஆய்வகத்துக்கும் 400 கிலோமீட்டர்தான், ஆனால் சாலையில் கொண்டுபோக வழியில்லாமல் டான்யூப் ஆறு, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று ஏறத்தாழ 9000 கிலோமீட்டர் சுற்றி 2006-இல் கொண்டுவந்து சேர்த்தார்கள். (ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் அதை ஏற்றுவதை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது.) அவ்வளவு பெரிய கருவியின் பிரிதிறனே ஓர் எலக்ட்ரான்வோல்ட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. உள்ளே ஒரு நேரத்தில் இருக்கும் டிரிட்டியம் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. நியூட்ரினோ நிறையை அளப்பதற்காகக் கட்டியது அது, அந்த வேலையை அருமையாகச் செய்கிறது, 0.45 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் இல்லை என்பது வரைக்கும் வந்துவிட்டது. போகிற போக்கில் தொல்நியூட்ரினோவையும் தேடிப் பார்த்து 2022-இல் வெளியிட்ட முடிவு: நம் பகுதியில் அவற்றின் அடர்த்தி, எதிர்பார்ப்பதைப்போல ஏறத்தாழ 10,000 கோடி மடங்குக்கு மேல் இல்லை. நேரடித் தேடலில் நாம் நிற்கும் இடம் இதுதான். இன்னும் பதினொரு பூஜ்ஜியம் இறங்க வேண்டும்.

இதற்கென்றே தனியாக முன்வைத்த திட்டம் டாலமி. பிரின்ஸ்டனில் கிறிஸ்டோபர் டல்லி தலைமையில் தொடங்கி, இப்போது இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் மாதிரிக் கருவி அமைக்கும் வேலை நடக்கிறது. மூலக்கூறாக உள்ள டிரிட்டியம் வாயு ஆகாது, ஏனென்றால் ஓர் அணு சிதைந்ததும் மிச்ச மூலக்கூறு அதிர்வு, சுழற்சி என்று கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்ளும், எவ்வளவு எடுக்கும் என்பது ஒவ்வொரு தடவையும் வேறு. அதனால் தனித்தனி அணுவாகக் கிராஃபீன் என்ற ஓரணுத் தடிமன் கார்பன் தாளில் ஒட்டிவைக்கலாம் என்றார்கள். அழகான யோசனை. ஆனால் 2021-இல் செய்பேஷ், செயனோவ், போயார்ஸ்கி மூவரும் ஒரு குண்டைப் போட்டார்கள். அணுவைத் தாளில் ஓரிடத்தில் ஒட்டிவைத்தால் ஹைசன்பர்க் விதிப்படி அதன் உந்தம் நிச்சயமற்றதாகும், அது எலக்ட்ரானின் ஆற்றலில் அரை எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு மங்கலைக் கொண்டுவரும். கருவியை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் போகாத மங்கல் இது, இயற்கையே போட்டது. நமக்கு வேண்டியதோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. டிரிட்டியத்துக்குப் பதில் துலியம்-171, சமேரியம்-151 மாதிரியான கனமான ஐசோடோப்களைப் பார்க்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். கனமான அணு குறைவாக உதறும் என்பது நியாயம்தான், ஆனால் அவற்றின் சிதைவுக் கணக்கு டிரிட்டியத்துடையதைப் போலத் தெளிவானது கிடையாது. டிரிட்டியத்தைத் தாளில் இறுக்கிக் கட்டாமல் தளர்வாக வைக்க வழி தேடுகிறவர்களும் உண்டு.

இத்தோடு விட்டதா என்றால் இல்லை. நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொன்றாக மாறுவதைப் பார்க்கும் அலைவுச் சோதனைகளிலிருந்து நமக்குத் தெரிந்தது, மூன்று நிறைநிலைகளில் (ஒவ்வொரு வகையும் இந்த மூன்றின் கலப்புதான்) ஒன்றுக்குக் குறைந்தது 0.05, இன்னொன்றுக்குக் குறைந்தது 0.009 எலக்ட்ரான்வோல்ட் உண்டு. டிரிட்டியம் எலக்ட்ரான் வகை நியூட்ரினோவைத்தான் பிடிக்கும். இயல்பு வரிசை என்று சொல்வார்களே, இரண்டு லேசானது, ஒன்று கனமானது, அந்த வரிசைதான் உண்மை என்றால், அந்தக் கனமான நிலையில் எலக்ட்ரான் வகையின் கலப்பு நூற்றுக்கு இரண்டுதான். அப்போது நான் மேலே போட்ட நான்கில் கனமானதின் பங்கு ஆண்டுக்கு 0.1-க்கும் குறைவு. மிச்சமெல்லாம் லேசான நிலைகளில் போய் விழும், அவற்றின் இடைவெளியோ 0.02-க்கும் கீழே. தலைகீழ் வரிசையாக இருந்தால் நமக்கு யோகம், கனமான இரண்டு நிலைகளிலும் சேர்ந்து எலக்ட்ரான் வகை 98 சதவீதம் இருக்கும். ஆனால் டெசி போன்ற விண்மீன் மண்டலக் கணக்கெடுப்புகள் நியூட்ரினோ நிறைகளின் கூட்டுத்தொகைக்கு வைத்துவரும் உச்சவரம்பு இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்தால், யோகம் நம் பக்கம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. இந்தத் துறையில் நம்பிக்கையோடு பேசுபவர்கள் பலர் இந்த இரண்டு சதவீத விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பது என் குறை.

வேறு வழிகள் இல்லையா என்றால், உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொல்நியூட்ரினோவின் அலைநீளம் 2 மில்லிமீட்டர் சுமார், அதனால் அந்த அளவு பொருளில் உள்ள அணுக்கள் எல்லாவற்றோடும் ஒரே நேரத்தில் மோதும். அந்தத் தள்ளலை அளக்கலாமா என்றால், வருகிற முடுக்கம் இன்றைய நுண்ணிய முறுக்குத் தராசுகள் உணரக்கூடியதைவிடப் பத்துக்கும் மேற்பட்ட பூஜ்ஜியங்கள் கீழே. ஸ்டோடோல்ஸ்கி 1975-இல் சொன்ன, நியூட்ரினோக் காற்றில் எலக்ட்ரானின் தற்சுழற்சி திரும்பும் என்ற வழிக்கு, நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் சமமில்லாமல் இருக்க வேண்டும் என்பது மாதிரியான நிபந்தனை உண்டு. வைலர் 1982-இல் சொன்னது, எங்கோ தொலைவிலிருந்து வரும் அதீத ஆற்றல் நியூட்ரினோ ஒன்று தொல்நியூட்ரினோவில் மோதி, மெல்விசையைச் சுமக்கும் இசட் துகளாக மாறும் என்பது. அதற்கு 8 × 10²² எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். 2023 பிப்ரவரியில் மத்தியதரைக் கடலடியில் கேஎம்3நெட் என்ற கருவி பதிவு செய்த நியூட்ரினோதான் இதுவரை பார்த்ததில் மிகப் பெரியது, அதன் ஆற்றல் 2 × 10¹⁷ சுமார். அதைப்போல நாலு லட்சம் மடங்கு வேண்டும்.

அப்படியென்றால் இவை இருக்கின்றன என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்? இதைக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பிடிக்கவில்லை, அதனால் வெறும் கற்பனை" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முதல் சில நிமிடங்களில் அண்டம் எவ்வளவு வேகமாக விரிந்தது என்பதில் நியூட்ரினோக்களின் எடைக்குப் பெரிய பங்கு உண்டு. வேகம் மாறினால் நியூட்ரான்–புரோட்டான் விகிதம் மாறும், அதிலிருந்து உண்டாகும் ஹீலியத்தின் அளவு மாறும். சாதாரணப் பொருளில் கால்பங்கு எடை ஹீலியம் என்று அளந்திருப்பது நியூட்ரினோவைச் சேர்த்துப் போட்ட கணக்கோடுதான் ஒத்துப்போகிறது. இன்னொரு சாட்சி பிளாங்க் விண்கலம். நுண்ணலைப் பின்னணியிலிருந்து அது கணக்கிட்ட நியூட்ரினோ வகைகளின் எண்ணிக்கை 2.99, பிழை 0.17. கோட்பாடு சொல்வது 3.044. பூஜ்ஜியம் என்ற விடைக்கு அங்கே இடமே கிடையாது. 2015-இல் ஃபாலின், நாக்ஸ் முதலானோர் இன்னும் நுணுக்கமான ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஆரம்ப அண்டத்தில் ஒளியும் பொருளும் கலந்த கூழில் ஒலி அலைகள் ஓடின. நியூட்ரினோக்கள் அந்த ஒலியைவிட வேகமாக முன்னால் ஓடி, ஈர்ப்பால் அதைத் தங்கள் பக்கம் இழுத்தன. அந்த இழுப்பால் நுண்ணலைப் பின்னணியின் ஏற்ற இறக்க வரைபடத்தில் முகடுகள் கொஞ்சம் இடம் மாறியிருக்க வேண்டும். மாறித்தான் இருக்கின்றன. இதை வேறு எதைக் கொண்டும் சுலபமாக விளக்கிவிட முடியாது.

இவையெல்லாம் அன்றைக்கு நியூட்ரினோக்கள் இருந்ததற்கான சாட்சி என்பதைக் கவனியுங்கள், ஹீலியம் முதல் சில நிமிடங்களைப் பற்றியும் நுண்ணலை 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டு வயதைப் பற்றியும். இடைப்பட்ட 1380 கோடி ஆண்டில் அவை வேறு ஏதாவதாகச் சிதைந்துபோயிருந்தால்? நம்மிடம் உள்ள கோட்பாட்டில் அப்படி நடக்காது, ஆனால் நடக்கவில்லை என்று நேரில் பார்த்தவர் இல்லை. நேரடியாகப் பிடிப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுவது அதற்காகத்தான், அப்புறம் அந்த நான்கா எட்டா கேள்விக்காகவும். என் கணிப்பைக் கேட்டால், அடுத்து நடக்கப்போவது தனியணு டிரிட்டியத்தைக் கொண்டு நியூட்ரினோ நிறையைச் சரியாக அளப்பது, தொல்நியூட்ரினோ அதற்கு ரொம்பப் பின்னால். நான் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை, நீங்கள் பார்க்கலாம்.

ப்ராஜெக்ட் விஷயம். கருவி எதுவும் வேண்டாம், மடிக்கணினியும் பைத்தானும் போதும். டிரிட்டியம் பீட்டா நிறமாலையின் கடைசி இரண்டு எலக்ட்ரான்வோல்ட்டை மட்டும் வரையுங்கள். அந்தச் சின்ன இடத்தில் ஃபெர்மி சார்பு மாறாது என்றே வைத்துக்கொள்ளலாம், எலக்ட்ரான் உந்தமும் அப்படியே, அதனால் நிரல் இருபது வரியில் முடிந்துவிடும். மூன்று நிறைநிலைகளையும் 68, 30, 2 என்ற சதவீதத்தில் தனித்தனியாகக் கூட்டுங்கள், ஒரே சராசரி நிறையைப் போட்டுவிடாதீர்கள், பலர் செய்வது அதைத்தான். அதன் மேல் தொல்நியூட்ரினோ முகடுகளை 100 கிராம் கணக்கில் வையுங்கள். அப்புறம் காஸ் வளைவால் மங்கலாக்கி, அகலத்தை 0.01, 0.035, 0.1, 0.5 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள், இரண்டு வரிசைக்கும் தனித்தனியாக. எந்த அகலத்தில் முகடு மறைகிறது என்பதைப் போயார்ஸ்கி குழுவின் மங்கலோடு ஒப்பிட்டு ஒரு அத்தியாயம் எழுதினால், எம்.எஸ்சி. அளவுக்கு அது தாராளம். நிறமாலை வாய்பாட்டில் எங்காவது சிக்கினால் அந்த வரியை மட்டும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.